இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கும் ஜூரி அழைப்பு வரும்

வணக்கம். பிரிட்டிஷ் குடியுரிமை பெறாத தங்களுக்கு, நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியில் பணியாற்ற அழைப்பு தவறுதலாக வந்திருக்குமோ என்றும், தங்கையின் திருமணத்திற்காக மதுரை செல்லவிருப்பதால் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியலிலிருந்தே ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இந்தியர்களும் அதில் இடம்பெறுவதால், பதின்மூன்று வயதுக்குப் பின் குறைந்தது ஐந்தாண்டுகள் இங்கு வசித்த, 18 முதல் 75 வயது வரையுள்ளவர்களுக்கு இவ்வழைப்பு வரலாம். ஏழு நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். தவறினால் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம்.

திருமணத்தைத் தவறவிட வேண்டியதில்லை. காரணத்தைத் தெளிவாக எழுதி, அடுத்த பன்னிரண்டு மாதங்களில் தங்களால் வர இயலாத நாட்களையும் குறிப்பிட்டு, பணியை ஒருமுறை தள்ளிவைக்கக் கேட்கலாம். பயணச்சீட்டின் நகலைக் கைவசம் வைத்திருங்கள்.

பணி பெரும்பாலும் பத்து வேலைநாட்கள். நிறுவனம் விடுப்புத் தர வேண்டும், ஆனால் சம்பளம் தர வேண்டிய கட்டாயமில்லை; அதற்கான இழப்பீட்டை நீதிமன்றத்திடம் கோரலாம் என்றாலும், நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு அதற்கு உண்டு என்பதால் மேலாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

நான் சென்றபோது முதல் இரண்டு நாட்கள் காத்திருப்புக் கூடத்திலேயே கழிந்தன. மூன்றாம் நாள் என் பெயர் அழைக்கப்பட்டு, உறுதிமொழி அட்டையைக் கையில் வாங்கியபோது, எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்ற இளைஞன் எங்கள் பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். திருமணம் முடிந்து வந்ததும் அவசியம் போய் வாருங்கள்.