பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கி: டீலர் சொன்னது பாதிதான் சரி

நீங்கள் கேட்ட கைத்துப்பாக்கி மாடல் கலிஃபோர்னியாவின் அனுமதிப் பட்டியலில் (கடைகளில் விற்க மாநில அரசு அனுமதித்த கைத்துப்பாக்கிகளின் பட்டியல்) இல்லை, அதனால் உடன் வேலை செய்பவரிடமிருந்து வாங்கவே முடியாது என்று டீலர் கைவிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் குழப்பிக்கொண்டிருக்கிறார். பட்டியலில் இல்லாததை டீலர் தன் சரக்காகப் பொதுமக்களுக்கு விற்கத்தான் தடை. இங்கே வசிக்கும் இரண்டு தனி நபர்கள் கைமாற்றினால் அந்த விதி பொருந்தாது. ஆனால் கைக்குக் கை கொடுத்துவிடக் கூடாது, அது குற்றம். இருவரும் சேர்ந்து உரிமம் பெற்ற டீலர் கடைக்குப் போயே ஆகவேண்டும்.

உங்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும், துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும் (தேர்வோடு 25 டாலர், 5 வருடம் செல்லும்). பின்னணிச் சோதனை, 10 நாள் காத்திருப்பு, அதுவரை துப்பாக்கி டீலரிடமே இருக்கும். மாநிலக் கட்டணம் 37.19 டாலர், அதற்கு மேல் டீலர் ஒரு துப்பாக்கிக்கு 10 டாலர்தான் கேட்கலாம். நூறு கேட்டால் வேறு கடை பாருங்கள். 30 நாளுக்குள் எடுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அப்புறம், நெவாடா நண்பர் மலிவாகத் தருகிறார் என்றீர்களே, அதை மறந்துவிடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்தால் இந்த விலக்கு கிடையாது, பட்டியல் விதி அப்படியே பாயும். சக ஊழியர் 15 தோட்டா பிடிக்கும் மேகசின் சேர்த்துத் தந்தாலும் வாங்காதீர்கள், இங்கே 10தான் வரம்பு.