மூடியைத் திறந்துவிட்டுப் பற்ற வையுங்கள், தம்பி

மார்ச்சில் கனடாவின் பிராம்ப்டன் நகருக்கு வந்து பேஸ்மென்ட் வீட்டில் இருக்கிறீர்கள். ஊர் மாறிப் போன நண்பர் தன் பழைய கேஸ் கிரில்லை, அதாவது வெளியில் வைத்து இறைச்சி சுடும் மூடி போட்ட கேஸ் அடுப்பை, உங்களிடம் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். மே மாத விக்டோரியா டே விடுமுறைக்கு ஆபீஸ் ஆட்களை வேறு கூப்பிட்டுவிட்டீர்கள். எப்படிப் பற்ற வைப்பது, மழை வந்தால் கராஜுக்குள் நகர்த்திக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்தாலும் கூடாது. கரி அடுப்போ கேஸோ, எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மழை வந்தால் கோழியைச் சமையலறை ஓவனுக்குள் வைத்துவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பற்ற வைப்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன். வந்த முதல் கோடையில், மூடி மூடியபடி இருக்க, குமிழைத் திருப்பிவிட்டு இக்னைட்டர் பட்டனை அமுக்கினேன். பற்றவில்லை. மறுபடி, மறுபடி. ஐந்தாவது அமுக்கலில் 'டப்' என்று மூடி தானாக எழும்பியது. இரண்டு புருவமும் முன்முடியும் போயின. ஊரில் சிறுவயதிலிருந்து கேஸ் அடுப்பில் டீ போட்டவன்தான் நான். ஆனால் ஊர் அடுப்புக்கு மூடி கிடையாது, அதுதான் வித்தியாசம். இந்த கிரில்லில் எரியும் புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. மேலே போகாது, கீழே தங்கும். மூடியும் போட்டுவிட்டால் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும், ஒரு பொறிக்காக.

அதனால் முதலில் மூடியைத் திறங்கள். அப்புறம் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். ஒரே ஒரு பர்னரைத் திருப்பி உடனே பற்ற வையுங்கள், முகத்தை மேலே நீட்டாமல். ஐந்து விநாடியில் பிடிக்கவில்லையா, எல்லாவற்றையும் மூடிவிட்டு, மூடி திறந்தபடியே ஐந்து நிமிடம் விலகி நில்லுங்கள். விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஐந்து நிமிடம் ரொம்ப நீளமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேஸ் சட்டென்று பாய்ந்தால், எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சாதனம் வரத்தைக் குறைத்துவிடும். தீ அகல் விளக்கு மாதிரி எரியும். கிரில் கெட்டுப்போய்விட்டது என்று பலர் புதிதே வாங்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் மூடி, இணைப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டு மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உங்களுடையது பழசு என்பதால் விருந்துக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த பர்னர் குழாய்களில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். கேஸ் தடைபட்டுப் பின்பக்கமாக, குமிழ் இருக்கும் இடத்தில் தீ வரலாம். நீளமான மெல்லிய பிரஷ்ஷால் குத்தி எடுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி வால்வைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. ஊரில் புது சிலிண்டர் மாட்டியதும் செய்வதுதானே. கேஸ் கசிந்தால் வரும் வாடையும் உங்களுக்குப் பழக்கமான அதே வாடைதான்.

சிலிண்டரின் கழுத்தில் தேதி பொறித்திருக்கும். இங்கே பத்து வருடம் தாண்டியதை மறுசோதனை செய்யாமல் நிரப்பித் தர மாட்டார்கள். காரில் நிமிர்த்தி வைத்து, ஜன்னலை இறக்கி, நேராக வீட்டுக்கு வாருங்கள், வழியில் மளிகைக் கடைக்குள் நுழையாமல். வீட்டில் வைக்கும் இடம் வெளியேதான். பேஸ்மென்ட் ஜன்னல் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கசிந்தால் கனமான வாயு நேராக உங்கள் படுக்கையறைக்குள்தான் இறங்கும். கிரில்லைச் சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். இங்கே வெளிச்சுவரில் பதித்திருக்கும் வினைல் பலகை வெப்பத்தில் மெழுகாக உருகும். வீட்டுக்காரர் அதை டெபாசிட்டில் கழிப்பார். அவரிடம் முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

சமைக்கும்போது வரும் தொல்லை கொழுப்பு. நம் ஆட்கள் தயிரும் எண்ணெயும் வழிய வழிய மசாலா தடவுவோம். சொட்டி விழுந்து குப்பென்று பிடிக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் எண்ணெய் மேலே தெறிக்கும். பர்னரை அணைத்து மூடியைப் போடுங்கள். பற்ற வைக்கும்போது திறந்திருக்க வேண்டிய அதே மூடி, இப்போது மூடினால்தான் தீ மூச்சு முட்டி அடங்கும். அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டை முதல் நாளே துடைத்து வையுங்கள். இறைச்சி சுடும் கம்பித்தட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். உதிர்ந்த கம்பி இறைச்சியில் ஒட்டித் தொண்டைக்குள் போய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான கம்பித்தட்டில் தேய்த்தால் போதும்.

கோழி வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும், ஏமாறாதீர்கள். ஒரு வெப்பமானி வாங்கிக் குத்திப் பாருங்கள். துண்டுகளுக்கு 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.

முடிந்ததும் முதலில் சிலிண்டரை மூடுங்கள். ஹோஸில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்தபின் குமிழ்களை மூடலாம். ஆபீஸ் ஆட்களில் சைவம் இருந்தால் சோளத்தையும் பன்னீரையும் கோழிக்கு முன்னால் சுட்டுவிடுங்கள்.