மருமகள் அமைதியாகிவிட்டார் என்கிறீர்கள், அதைத்தான் கவனியுங்கள்

கேள்வி: உக்ரைனில் படிக்கப்போன என் மகன், அங்கே கார்கிவ் ஊர்ப் பெண்ணை விரும்பிக் கட்டிக்கொண்டான். தங்கமான மருமகள். தமிழ் பேசுவாள், என்னை வாய் நிறைய அத்தை என்பாள். மகனுக்கு இப்போது துபாயில் வேலை. அவளுடைய அம்மா கார்கிவில், தம்பி பட்டாளத்தில். விடிய விடிய செல்போனைப் பார்த்தபடியே இருக்கிறாள். சைரன் சத்தம்கூட அதில் வருகிறது. சோறு இறங்குவதில்லை. படபடப்பு, கை மரத்துப்போகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இதய அடைப்பாக இருக்கும் என்று வீடியோ பார்த்துவிட்டுத் தங்கை மகன் சொல்கிறான். தெரிந்த மெடிக்கலில் மூன்று மாதமாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். கயிறும் மந்திரித்துக் கட்டினேன். போன வாரம் அழுகை நின்று அமைதியாகிவிட்டாள். அவள் அம்மா போட்ட சங்கிலியைக் கழற்றி, “எனக்கு இனி வேண்டாங்க அத்தை, பாப்பாவுக்கு வெச்சுக்கங்க” என்று கொடுத்தாள். இது பைத்தியத்தில் கொண்டுபோய் விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு மாமியார், பெருந்துறை

பதில்: அம்மா, உங்கள் மருமகளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. பெற்றவள் இருக்கும் ஊரில் குண்டு விழுகிறபோது தூக்கம் வராமல் போவது புத்தி தெளிவாக இருப்பவர்களுக்கும் நடப்பதுதான். அந்தப் பயத்தை விடுங்கள். நான் பயப்படுவது உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளுக்கு: அழுகை சட்டென்று நின்றது, சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தது.

மாதக்கணக்கில் துடித்த ஒருவர், துடிப்புக்கான காரணம் அப்படியே இருக்க, ஒரே வாரத்தில் அடங்கிப்போகிறார். உயிராக வைத்திருந்த பொருளையும் கொடுத்துவிடுகிறார் என்றால், உயிரை விடும் முடிவுக்கு வந்துவிட்டாரோ என்றுதான் மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவோம். குழந்தை மேல் உள்ள ஆசையில்கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் கேட்காமல் தெரியாது. இன்றைக்கே கேளுங்கள். சுற்றி வளைக்காமல், உங்கள் பேச்சிலேயே, “அம்மணி, செத்துப்போயிரலாம்னு மனசுல நெனப்பு வருதா கண்ணு?” என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்தாலோ, திட்டாதீர்கள். குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். தனியே விடாதீர்கள், இரவில் பக்கத்திலேயே படுங்கள். அன்றைக்கே உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். இல்லை என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை காட்டிவிடுங்கள். நடு இரவில் கை கால் ஓடவில்லை என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், 104-லும் பேசலாம். எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், உடனே 108. துபாயில் இருக்கும் மகனைக் கிடைக்கிற முதல் விமானத்தில் கோவைக்கு வரச் சொல்லுங்கள். லீவு கிடைக்குமா என்று யோசிக்கிற நேரம் இல்லை.

இன்னொரு வேலை, இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது. மோட்டார் ரூமில் இருக்கும் பூச்சி மருந்து, எலி மருந்து, வாசல் தெளிக்க வாங்கிய சாணிப்பவுடர் எல்லாவற்றையும் வீட்டையும் தோட்டத்தையும் விட்டே அப்புறப்படுத்துங்கள். கொங்கு நாட்டில் இவற்றால் நாம் இழந்த பிள்ளைகள் போதும்.

மாத்திரைக்கு வருகிறேன். பெயரை நீங்கள் எழுதவில்லை. தூக்கத்துக்கென்று மெடிக்கலில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அல்பிரசோலம். மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. வாங்கியவர் பெயரைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டிய மருந்து அது. தெரிந்தவர் என்பதற்காகக் கடைக்காரர் அட்டை அட்டையாகக் கொடுத்திருக்கிறார், நீங்களும் வாங்கியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. மனம் தளர்ந்திருக்கும் ஒருவர் கையில் முழு அட்டை இருக்கக் கூடாது. அதற்காக இன்றே ஒரேயடியாக நிறுத்தியும் விடாதீர்கள். மூன்று மாதம் சாப்பிட்டதைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையைப் பூட்டி வைத்து, இரவுக்கு உரியதை மட்டும் உங்கள் கையால் கொடுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

விடிய விடிய செல்போனைப் பார்க்கிறார் என்று குறைப்படுகிறீர்கள். கார்கிவ் ரஷ்ய எல்லையிலிருந்து 40 கிலோமீட்டர்கூட இல்லை. நீங்கள் ஈரோடு போய்த் திரும்புகிற தூரம். சைரன் அடித்து மக்கள் படியிறங்குவதற்குள் ஏவுகணை விழுந்துவிடுகிற ஊர். அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் கோடையில் பின்னிரவு 2.30, குளிர்காலத்தில் 3.30. ட்ரோன்கள் பெரும்பாலும் இரவில்தான் வருகின்றன. அதனால் நம் விடியற்காலை முழுக்க அவர் அம்மாவுக்கு ஆபத்தான நேரம். போனைப் பிடுங்கினால் அந்த நேரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கழிக்கச் சொன்னதாகும். அதற்குப் பதிலாக, சைரன் செயலியில் அம்மா இருக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அம்மா எழுந்ததும் ஒரு செய்தி அனுப்புவதென்று பேசி வைக்கட்டும். குண்டு விழுந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத்தான் குறைக்க வேண்டும். அதனால் அம்மாவைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரிந்துவிடப் போவதில்லை.

“நீதான் இங்க நல்லா இருக்கியே” என்று வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தான் மட்டும் நல்லபடியாக இருப்பதுதான் அவரை அரிக்கிறது. அவர்கள் பதுங்குகிற நேரத்தில் நான் சாப்பிடுகிறேனே என்ற குற்ற உணர்ச்சிதான் சோற்றை இறங்க விடாமல் தடுக்கிறது. அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள். 2022 பிப்ரவரி 24-ல் படையெடுப்பு தொடங்கியது. 27-ஆம் தேதி கார்கிவுக்குள் நுழைந்த ரஷ்யப் படையை அன்றைக்கே விரட்டிவிட்டார்கள். அந்த செப்டம்பரில் சுற்றுப்பகுதியில் பெரும்பகுதியை மீட்டார்கள். மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறை கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். இதில் அந்தப் பெண்ணுக்குப் பயமும் இருக்கும், பெருமையும் இருக்கும்; உங்கள் வீட்டில் இரண்டையும் கேட்க ஆள் இல்லை. பட்டாளத்தில் இருக்கும் தம்பியின் பெயர் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. இன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் நோம்பி, அதாவது திருவிழா வந்து அதிர்வேட்டுப் போடும் நாளில், அந்தச் சத்தத்தில் அவர் பதறாமல் இருக்க, எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் கை மரக்கும். முடி, பெரிய மன அதிர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், தானாக வளரும். எண்ணெய் எதுவும் வாங்காதீர்கள். படபடப்புக்கு ஒரு ஈசிஜி, ஒரு தைராய்டு பரிசோதனை, கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, அவ்வளவுதான். தங்கை மகன் மருத்துவர் இல்லை. அவர் பார்த்த வீடியோ உங்கள் மருமகளைப் பரிசோதிக்கவும் இல்லை. கயிறு இருக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள், காலியான அட்டைகளையும் சேர்த்து.