காற்று ஏன் சொன்ன பக்கம் வருவதில்லை? கார் ஏசி கேள்வி பதில்

கேள்வி: முகத்துக்கு வைத்தாலும், மேடு ஏறும்போது மட்டும் காற்று முன்கண்ணாடிக்குப் போய்விடுகிறது. கேஸ் குறைவா?

பதில்: கேஸ் குளிரை மட்டும்தான் கவனிக்கும். திசைக் கோளாறுக்குக் கேஸ் நிரப்பிக் காசைக் கரைக்காதீர்கள். உங்களுடையது பழைய வாக்யூம் வகை. என்ஜினின் உறிஞ்சு விசைதான் டேஷ்போர்டுக்குள் காற்றைத் திசை திருப்பும் தட்டை, அதாவது ஃபிளாப்பை, இழுத்துப் பிடிக்கிறது. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த விசை குறையும். அப்போது கைகொடுக்கத்தான் ஒரு சேமிப்பு டப்பாவும் ஒருவழி வால்வும். வால்வு கெட்டாலோ ஹோஸ் வெடித்தாலோ டப்பாவில் அந்த விசை நிற்காது. ஸ்பிரிங் ஃபிளாப்பைக் கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். மெல்லிய ஹோஸை முனைகளில் விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு வாய் பிளக்கும். வால்வைக் கழற்றி ஊதுங்கள்: ஒரு பக்கம்தான் காற்று போகவேண்டும்.

கேள்வி: வண்டியை எடுத்ததும் டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' சத்தம். காற்று காலுக்கு வரவில்லை.

பதில்: ஃபிளாப்பைத் திருப்பும் சின்ன மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். ஆனால் உடனே புது மோட்டார் வாங்காதீர்கள். கழற்றியதும் ஃபிளாப் தண்டை விரலால் திருப்புங்கள். லேசாகத் திரும்பினால் மோட்டார்தான். இறுகியிருந்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. நான் ஒருமுறை எடுத்தது ஒரு பேனா மூடி, கண்ணாடியோரத் துளை வழியாக விழுந்தது. ஏர்பேக் பக்கம் கைவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள்.

கேள்வி: எந்தப் பக்கம் வைத்தாலும் காற்றே குறைவு.

பதில்: கேபின் ஃபில்டர், அதாவது உள்ளே வரும் காற்றின் வடிகட்டி, அடைத்திருக்கும்.

கேள்வி: பேட்டரி மாற்றிய பிறகு திசை மாறி வருகிறது.

பதில்: ஃபிளாப் மோட்டார்களின் நிலை பற்றிய நினைவு அழிந்திருக்கலாம். மறுபடி பழக்கும் முறை கையேட்டில் இருக்கும். கேஸ் வேண்டாம்.

கேள்வி: பழுதானால் கண்ணாடிக்குப் போகும்படி ஸ்பிரிங் வைத்ததே தப்பு. வெயிலில் வெந்து சாகவா?

பதில்: வியர்த்தாலும் ஓட்டலாம், முன்கண்ணாடியைப் பனி மூடினால் ஓட்ட முடியாது. யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

அவரே மீண்டும்: புழுக்கமான நாளில் குளிர்காற்று பட்டு என் கண்ணாடி வெளியே மூடிக்கொள்கிறதே, அது பாதுகாப்பா?

பதில்: சரி, இது நியாயமான பாயிண்ட். ஆனால் வெளியே படிவதை வைப்பர் ஒரே வீச்சில் துடைக்கும், உள்ளே படிவதை ஓட்டிக்கொண்டே எதால் துடைப்பீர்கள்? நான் ஸ்பிரிங் கட்சிதான்.

கேள்வி: காற்று காலுக்கே வருகிறது. கேஸ் போட்டால்...

பதில்: முதல் பதில், இரண்டாவது வரி.