பூட்டு எங்கே இருக்கிறது?

வணக்கம். டிசம்பரில் அப்பாவை அந்தமான் செல்லுலார் சிறைக்கு அழைத்துப் போகிறேன். அவருக்கு 74 வயது, முழங்கால் வலி. நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர், படிப்பு ஐந்தாம் வகுப்பு. அங்கே போய் அவருக்கு என்ன புரியும் என்று தயக்கமாக இருக்கிறது. சாவர்க்கர் அறையையும் ஒலி-ஒளிக் காட்சியையும் மட்டும் காட்டினால் போதுமா? சாவர்க்கரின் கருணை மனுக்கள் பற்றி உங்கள் கருத்து என்ன?
ச.

அன்புள்ள ச.,

கருணை மனு விவகாரம் இங்கே வேண்டாம். அதைப் பேச ஆவணங்கள் போதும், கப்பல் ஏற வேண்டியதில்லை. முழங்காலை நினைத்துப் பயப்படாதீர்கள், முக்கியமானதெல்லாம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. ஒலி-ஒளிக் காட்சி இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். அப்பாவுக்கு இரண்டும் வராதென்றால் விட்டுவிடலாம். டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிவாக்கிலேயே சூரியன் இறங்கிவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

ஆனால் 'அவருக்கு என்ன புரியும்' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். நாற்பது வருடம் கரண்டி பிடித்தவருக்குப் புரியாதது, பலகையைப் படித்துவிட்டு செல்ஃபி எடுக்கிற நமக்கா புரியப்போகிறது? அந்தச் சிறையின் கொடுமையே அதன் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. 1896இல் தொடங்கி 1906இல் முடித்தார்கள். செங்கல் பர்மாவிலிருந்து வந்தது, உழைப்பு கைதிகளுடையது.

முதலில் அருங்காட்சியகத்திலுள்ள மாதிரி வடிவத்தைக் காட்டுங்கள். நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள், ஒவ்வொன்றும் மூன்று தளம். மொத்தம் 693 அறைகள், எல்லாம் ஒற்றை ஆள் கொட்டடி, பொதுக்கூடம் கிடையாது. இன்று மிச்சமிருப்பவை மூன்று சிறகுகள்தான். இடித்த இடத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதனால் மாதிரியைப் பார்க்காமல் உள்ளே போனால் கணக்கு பிடிபடாது.

பிறகு ஏதாவது ஒரு கொட்டடிக்குள் அப்பாவை நிற்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 4.5 மீட்டருக்கு 2.7 மீட்டர். அவரே காலடி வைத்து அளந்து சொல்லிவிடுவார். பின்சுவரில் கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்தில் ஒரு காற்றுத்துளை. முன்னால் கம்பிக் கதவு, அதன் வழியே தெரிவது அடுத்த சிறகின் முதுகு. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்றே அப்படி அமைத்தார்கள்.

இப்போது பூட்டுக்கு வாருங்கள். வருகிறவர்கள் பலர் அதைக் கவனிக்காமலே நகர்ந்துவிடுகிறார்கள், எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். தாழ்ப்பாள் கதவோடு முடிவதில்லை. நீளமாகப் போய், நிலையைத் தாண்டி, சுவரில் விட்டிருக்கும் மாடத்துக்குள் பூட்டோடு சேர்கிறது. உள்ளிருந்து கம்பி வழியே கையை விட்டுத் துழாவச் சொல்லுங்கள், எட்டாது. அந்த மாடம் சுவர் எழும்பும்போதே விட்டதா, பிறகு கொத்தியதா என்று அப்பாவையே கேளுங்கள். ஒரு கைதியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். பலகையில் இருக்கும் எந்த வாசகமும் இதைச் சொல்லாது.

முற்றத்தில் செக்கு இருக்கிறது. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், அதாவது 13 கிலோவுக்கு மேல், ஒரு மனிதன் ஆட்டி எடுக்க வேண்டும். நமக்கு வ.உ.சி. இழுத்த கோவைச் சிறைச் செக்கு தெரியும். 1908இல் அவருக்கு முதலில் விதித்த தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்து நாடுகடத்தும் தண்டனை, மேல்முறையீட்டில் குறையாமல் இருந்திருந்தால், அவரும் இந்தத் தீவுக்குத்தான் வந்திருப்பார்.

சாவர்க்கர் அறை மேல்தளத்தில் இருக்கிறது. கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் 693இல் ஒன்றைத்தான் பார்த்திருப்பீர்கள். 1933இல் இங்கே கைதிகள் இருந்த உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் செலுத்தியதில் மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் மூவரும் இறந்தார்கள். சிறைக்கு எதிரிலுள்ள பூங்காவில் மூவருக்கும் சிலை உண்டு. கைடு அவசரப்படுத்துவார், நீங்கள் நின்று பாருங்கள்.