நீட்டில் 318: பல் மருத்துவ இடம் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் 2025 நீட் தேர்வில் 318 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நாங்கள் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு. அவள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசு உதவி பெறும் பள்ளியில்தான் படித்தாள். எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று எங்களுக்கே தெரியும். பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ்.ஸாவது கிடைக்குமா? யூடியூபில் ஒருவர் கண்டிப்பாகக் கிடைக்கும் என்கிறார். இன்னொருவர் போன வருட கட்-ஆஃபைக் காட்டி வாய்ப்பே இல்லை என்கிறார். இதற்கிடையே ஒரு கன்சல்டன்சியிலிருந்து தினமும் போன். 50 ஆயிரம் கட்டினால் சீட்டைப் பிடித்து வைக்கிறார்களாம். அவள் அப்பா லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். பேசாமல் இன்னொரு வருடம் படித்து எழுதச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: முதலில் அந்த 50 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். தமிழ்நாட்டில் பி.டி.எஸ். இடங்கள், தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு உட்பட, கவுன்சலிங் வழியாகத்தான் நிரப்பப்படுகின்றன. மாநிலத் தேர்வுக் குழு நடத்தும் கவுன்சலிங் ஒன்று, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு (எம்.சி.சி.) நடத்துவது இன்னொன்று. இரண்டிலும் இடத்தை ஒதுக்குவது தரவரிசைதான். வெளியிலிருந்து யாரும் ஓர் இடத்தை உங்களுக்காகப் பிடித்து வைக்க முடியாது. அவர்கள் செய்யக்கூடியதெல்லாம் விண்ணப்பத்தை நிரப்பித் தருவது. அதைப் பக்கத்து இ-சேவை மையத்திலேயே செய்துகொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "பி.டி.எஸ். கிடைக்குமா" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் என்றுதான் சொல்வேன். நாடு முழுக்கப் பல் மருத்துவ இடங்கள் காலியாகக் கிடப்பது பழைய கதை. 2020-21இல் சுமார் 7 ஆயிரம் இடங்கள் நிரம்பாமல் போய், நீட் தகுதி அளவை 10 பெர்சென்டைல் (தேர்வெழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினார் என்ற அளவு) குறைத்து அவற்றை நிரப்பும்படி உச்ச நீதிமன்றமே 2021 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எந்த வகை இடம், வருடத்துக்கு எவ்வளவு பணம்? லாரி புக்கிங் ஆபீஸ் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

அரசு இடத்தை முதலில் பார்த்துவிடுவோம். சென்னை, கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம், புதுக்கோட்டை என மூன்று அரசு பல் மருத்துவக் கல்லூரிகள். மூன்றிலும் சேர்த்து 250 இடங்கள். அதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போனால் மீதி 212 சொச்சம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம் போக 196 சொச்சம். இதில் பொதுப் பிரிவுக்கு 31 சதவீதம், அதாவது 61 இடம். பி.சி.க்கு 26.5 சதவீதம் என்றால் 52 இடம். பொதுப் பிரிவு இடங்களில் எந்தச் சமூகத்தவரும் மதிப்பெண் அடிப்படையில் வரலாம் என்பதால், ஒரு பி.சி. மாணவி போட்டியிடும் அரசு இடங்கள் மாநிலம் முழுவதற்கும் சேர்த்தே நூற்றுப் பத்துக்குச் சற்று மேல்தான். இந்த இடங்களுக்கு யார் வருகிறார்கள்? எம்.பி.பி.எஸ். நூலிழையில் தவறியவர்களும், தனியார் எம்.பி.பி.எஸ். கட்டணம் கட்ட முடியாதவர்களும். 318 மதிப்பெண் அந்த வரிசைக்குப் பக்கத்தில்கூட இல்லை. அரசு பல் மருத்துவக் கல்லூரி உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு கிடைக்காது. கசப்பாக இருந்தாலும் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளி அதில் வராது. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, அப்புறம் ஏன் வராது என்று பல பெற்றோர் சண்டைக்கே வந்துவிடுவார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

ஆக மிஞ்சுவது தனியார் சுயநிதிக் கல்லூரிகள். மாநிலத்தில் சுமார் இருபது இருக்கின்றன. இவற்றில் இரண்டு வகை இடங்கள் உண்டு. சிறுபான்மையினர் நடத்தாத கல்லூரிகளில் 65 சதவீதமும் சிறுபான்மையினர் கல்லூரிகளில் 50 சதவீதமும் அரசு ஒதுக்கீடு. மீதி நிர்வாக ஒதுக்கீடு. ஒரே வகுப்பறை, ஒரே வாத்தியார், ஒரே பட்டம். ஆனால் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஆண்டுக் கட்டணம் சமீப ஆண்டுகளில் 2.5 லட்சம் ரூபாய் அளவில், நிர்வாக ஒதுக்கீடு என்றால் 6 லட்சம் அளவில். நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 14 லட்சம். உங்கள் மகள் இந்த இரண்டுக்கும் நடுவே விளிம்பில் நிற்கிறாள். எந்தப் பக்கம் விழுவாள் என்பதை மதிப்பெண்ணை வைத்துச் சொல்ல முடியாது. யூடியூபில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதற்கும் அதுதான் காரணம்.

ஏன் சொல்ல முடியாது என்கிறேன்? 2024இல் திருத்தப்பட்ட முடிவுப்படி 17 பேர் 720க்கு 720 எடுத்தார்கள். 2025இல் இயற்பியல் வினாக்கள் பிள்ளைகளை அழ வைத்துவிட்டன; நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686தான். பொதுப் பிரிவுத் தகுதி மதிப்பெண் 162இலிருந்து 144க்கு இறங்கியது. ஒரே 318, 2024இல் இருந்த இடத்தைவிட 2025இல் வெகுவாக முன்னே இருக்கும். போன வருட கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் காட்டி வாய்ப்பில்லை என்று சொல்பவர் இதைக் கவனிக்கவில்லை. மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு ஆடும். தரவரிசை அவ்வளவு ஆடாது.

எனவே செய்ய வேண்டியது இது. தேர்வுக் குழு மாநிலத் தரவரிசைப் பட்டியலை வெளியிடும்போது உங்கள் மகளின் பெயருக்கு நேரே பொதுத் தரவரிசை, சமூகப் பிரிவுத் தரவரிசை என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே தளத்தில் போன ஆண்டு ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கு எந்தக் கல்லூரி ஒதுக்கப்பட்டது என்ற பட்டியலைத் தேடி எடுங்கள். பக்கம் பக்கமாக நீளும், பயப்பட வேண்டாம். அதில் சுயநிதிக் கல்லூரி, அரசு ஒதுக்கீடு, பி.டி.எஸ்., பி.சி. என்ற நான்கும் சேர்ந்து வரும் வரிகளை மட்டும் பாருங்கள். கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை எண் என்ன? ஒரு பேச்சுக்கு, முதல் சுற்றில் அது 9,000, கடைசிச் சுற்றில் 13,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகளின் எண் 8,500 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 11,000 என்றால் பொறுமை வேண்டும். 16,000 என்றால் நிர்வாக ஒதுக்கீட்டைப் பற்றி இப்போதே யோசிக்க வேண்டும். இந்த எண்கள் நானாகச் சொன்னவை. உண்மையானவற்றைப் பட்டியலில் பாருங்கள். ஒரு மணி நேர வேலை, மகளையே செய்யச் சொல்லலாம்.

முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையில் எண் ஏன் இவ்வளவு நகர்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் ஒரே தரவரிசை, ஒரே கவுன்சலிங். முதல் சுற்றில் பி.டி.எஸ். எடுத்த பலர் அடுத்த சுற்றில் எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் கிளம்பிவிடுவார்கள். சிலர் வேறு மாநிலத்துக்குப் போவார்கள், சிலர் திரும்ப நீட் எழுதப் போய்விடுவார்கள். ஒவ்வொருவர் கிளம்பும்போதும் பின்னால் நிற்பவர் ஒரு படி முன்னே வருகிறார். விளிம்பில் இருப்பவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் சுற்றுகள்தான் உண்மையான கவுன்சலிங். முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்றதும் பதறிப்போய் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிட்டு, இரண்டு வாரத்தில் தன்னைவிடக் குறைந்த மதிப்பெண்காரர் அதே கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்ததைப் பார்த்து நொந்துபோன பெற்றோரை எனக்குத் தெரியும்.

அதற்காக நிர்வாக ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்காமலும் இருக்காதீர்கள். அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒன்றைப் போட்டால் மற்றதும் சேர்ந்துவிடும் என்று நினைத்துக் கோட்டை விடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. இரண்டையும் போடுங்கள், சேர்வதை அப்புறம் முடிவு செய்யலாம். எம்.சி.சி. நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழக கவுன்சலிங்கை நீங்கள் மறந்துவிடலாம். பதிவு செய்யவே 2 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை, மாநில இடஒதுக்கீடு கிடையாது, கட்டணமும் உங்கள் கைக்கு எட்டாது.

கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது 'எது கிடைக்கும்' என்று பார்த்து அடுக்க வேண்டாம், 'எது வேண்டும்' என்று பார்த்து அடுக்குங்கள். மேலே பெரிய கல்லூரியைப் போட்டால் கீழே இருப்பது பறிபோய்விடும் என்ற பயம் தேவையில்லை. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் சேர விருப்பமில்லாத கல்லூரியைச் சும்மா பட்டியலில் போட்டு வைக்காதீர்கள். பிந்தைய சுற்றுகளில் இடம் ஒதுக்கியும் சேராவிட்டால் வைப்புத் தொகை போய்விடும், அடுத்த வாய்ப்புகளும் அடைபடலாம்.

எந்தக் கல்லூரி நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்க்காதீர்கள். ஒரு வேலை நாளில் காலை பத்தரை மணிவாக்கில் போய்ப் புறநோயாளிகள் பிரிவில் அரை மணி நேரம் உட்காருங்கள். எத்தனை நாற்காலிகளில் நோயாளிகள் இருக்கிறார்கள்? பல் மருத்துவ மாணவர் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை சொத்தையை அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் செட் செய்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. நோயாளியே வராத கல்லூரியில் மாணவர்கள் அந்தக் கணக்கை முடிக்க ஊரிலிருந்து அத்தையையும் சித்தப்பாவையும் பஸ் ஏற்றிக் கூட்டிவருவார்கள். ஊருக்கு வெளியே பஸ் வசதியில்லாத இடத்தில் பளபளவென்று நிற்கும் கல்லூரியைவிட, டவுன் பஸ் வாசலில் நிற்கிற பழைய கல்லூரியைத்தான் நான் பரிந்துரைப்பேன். அப்படியே வெள்ளைக் கோட்டோடு டீ குடிக்க வரும் பயிற்சி மருத்துவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஐந்தாவது வருடம், அதாவது பயிற்சிக் காலத்துக்கும் பணம் வாங்குகிறார்களா, கருவிகளுக்கும் தேர்வுக்கும் தனியாக எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். அலுவலகத்தில் கிடைக்காத பதில் டீக்கடையில் கிடைக்கும்.

பணத்துக்கு வங்கிக் கடன் பார்ப்பீர்கள். அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கல்விக் கடன் வாங்க வழி உண்டு. அரசு ஒதுக்கீடு என்றால் அதோடு கொஞ்சம் சேர்த்துச் சமாளித்துவிடலாம். நிர்வாக ஒதுக்கீடு என்றால் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகும். படித்து முடித்ததும் ஒரு கிளினிக்கில் உதவி டாக்டராகச் சேர்ந்தால் வரும் சம்பளம் அந்தக் கடனின் மாதத் தவணைக்கே போதாது. அரசு வேலை எப்போதாவது, அதுவும் சொற்ப இடங்களுக்கு. சொந்தக் கிளினிக் போட நாற்காலி, கம்ப்ரசர், எக்ஸ்ரே என்று திரும்பவும் முதல் வேண்டும். அதனால் உங்கள் குடும்பத்துக்கு என் கருத்து இது: அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். நிர்வாக ஒதுக்கீடுதான் என்றால் வேண்டாம்.

இதற்கு நடுவில் யாரும் மகளிடம் ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார்கள்: இந்த வேலை அவளுக்குப் பிடிக்குமா? முதல் வருடத்திலேயே மெழுகுக் கட்டியைக் கையில் கொடுத்து, சின்னக் கத்தியால் செதுக்கி ஒரு கடைவாய்ப் பல்லைக் கொண்டுவா என்பார்கள். மேடு, பள்ளம், கோடு எல்லாம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் வர வேண்டும். பூக்கட்டுவது, தைப்பது, படம் வரைவது என்று கைவேலையில் பொறுமையுள்ள பிள்ளைகள் அதை ரசித்துச் செய்வார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காத கோபத்தோடு வருகிறவர்களுக்கு அந்த மெழுகைப் பார்த்தாலே எரிச்சல் வரும். உங்கள் ஊர் பல் டாக்டரிடம் சொல்லி ஒரு நாள் மாலை அவர் கிளினிக்கில் மகளை உட்கார வையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாக, இன்னொரு வருடம் படிப்பது. இதையும் மொத்த மதிப்பெண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. மதிப்பெண் சான்றில் பாடவாரியாகப் பெர்சென்டைல்தான் இருக்கும், மதிப்பெண் இருக்காது. மகளின் ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் இறுதி விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு பாடவாரியாக நீங்களே எண்ணுங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். உயிரியல் 360க்கு 240க்கு மேல் வந்து இயற்பியல் முப்பது நாற்பதில் நின்றிருந்தால், நல்ல இயற்பியல் ஆசிரியர் கிடைக்கும்பட்சத்தில் ஒரு வருடம் கொடுத்துப் பார்க்கலாம். நூறு மதிப்பெண் ஏற அங்கே இடம் இருக்கிறது. மூன்று பாடத்திலும் பரவலாக நடுத்தரமாக இருந்தால் அடுத்த ஆண்டும் இதே விளிம்பில் நிற்கும் ஆபத்துதான் அதிகம். அப்போது 2025 சேர்க்கையில் பிளஸ் டூ மதிப்பெண்ணிலேயே சேரக்கூடிய பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி விண்ணப்பங்களையும் இப்போதே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் கடைசித் தேதி மருத்துவக் கவுன்சலிங் முடியும்வரை காத்திருக்காது.