தோற்றது கட்சியா, நானா?

கேள்வி: நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அல்லன், ஆனால் வாக்குரிமை கிடைத்த நாள் முதல் ஒரே கட்சிக்குத்தான் வாக்களித்து வருகிறேன். சென்ற தேர்தலில் அது படுதோல்வி அடைந்தது முதல் நானே தோற்றுவிட்டது போலத் தலைகுனிந்து நடக்கிறேன். எதிரே வருகிறவர்களில் யார் யார் எங்களுக்கு எதிராக வாக்களித்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடுகிறது. வேட்பாளர் பட வேண்டிய துக்கத்தை நான் ஏன் படுகிறேன்?

பதில்: வேட்பாளர்கூட இவ்வளவு துக்கப்பட்டிருப்பாரா என்பது ஐயம்தான், அவருக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது. நெடுங்காலம் ஒரே கட்சிக்கு வாக்களிப்பவருக்கு அது ஒரு கருத்தாக மட்டும் நின்றுவிடுவதில்லை. தாம் யார் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் விடையில் அதுவும் ஒரு பங்காகிவிடுகிறது. சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களை ஒன்றுக்கும் உதவாத காரணங்களைச் சொல்லி இரு குழுக்களாகப் பிரித்தார். தம் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட அறியாத அந்தச் சிறுவர்கள், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவினருக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். பெயருக்கு அமைந்த குழுவின் மேலேயே இந்தப் பற்று என்றால், கொடியும் தலைவரும் குடும்ப நினைவுகளும் சேர்ந்த ஒரு கட்சியின் மேல் எவ்வளவு இருக்கும்!

தோல்வி வந்ததும் எல்லோரும் உங்களைப் போல வருந்திக்கொண்டிருப்பதில்லை. சிலர் ஓசைப்படாமல் விலகிக்கொள்கிறார்கள். பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் 1999 பொதுத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கட்சிச் சுவரொட்டி வைத்திருந்த வீடுகளை ஆய்வாளர்கள் குறித்துக்கொண்டு, வாக்குப்பதிவுக்கு மறுநாள் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். கட்சி பெற்ற முடிவு எவ்வளவு நன்றாக இருந்ததோ, அந்த அளவுக்கு அதன் சுவரொட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. சரிந்த கட்சிகளுடையவை கூடுதலாக அகற்றப்பட்டிருந்தன. உங்களுக்கு அப்படி அகற்ற மனம் வரவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதிரே வருகிறவர்களை அளக்கும் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். வாக்கு இரகசியமானது என்பதால் அதற்கு விடை கிடைக்கப் போவதில்லை; எல்லோர் மேலும் சந்தேகம் படிவதுதான் மிஞ்சும்.

கேள்வி: இந்த மனவாட்டம் எத்தனை நாள் நீடிக்கும்?

பதில்: நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவு. 2012 அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டி நடந்த ஓர் ஆய்வில், தோற்ற கட்சியினரின் மகிழ்ச்சியில் ஏற்பட்ட சரிவு, பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் அந்நகரவாசிகளிடம் காணப்பட்ட சரிவைப் போல் இரு மடங்கு இருந்தது. ஆயினும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது தணிந்துவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்; 1994-இல் நடந்த அத்தகைய தேர்தலில் ஆன் ரிச்சர்ட்ஸுக்கு வாக்களித்தவர்களிடம், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வென்றால் ஒரு மாதம் கழித்து எப்படி இருப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். புஷ் வென்றார், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், தாங்கள் சொன்ன அளவுக்கு அவர்கள் வருந்திக்கொண்டிருக்கவில்லை, புஷ்ஷைப் பற்றிய அவர்களுடைய மதிப்பீடும் அவர்கள் நினைத்திருந்த அளவுக்குத் தாழவில்லை.

எனக்குக் கவலை தருவது வருத்தம் அன்று, அதைத் தணிக்க நாம் கட்டிக்கொள்ளும் விளக்கங்கள். 'எண்ணிக்கையில் ஏதோ தில்லுமுல்லு', 'மக்கள் விலைபோய்விட்டார்கள்', 'இது இனி என் நாடே அன்று' என்பவை நம் தன்மதிப்பைக் காப்பாற்றித் தருவதால்தான் இவ்வளவு எளிதில் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வருத்தம் போன பிறகும் போக மறுக்கின்றன. முறைகேட்டுக்குச் சான்று இருந்தால் நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும். சான்று இல்லாத இடத்தில், உங்கள் கட்சி வென்றிருந்தால் இதே எண்ணிக்கையை ஐயுற்றிருப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தேர்தல் முறைக்கும் இந்த மனநிலைக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. கிறிஸ்டோபர் ஆண்டர்சனும் கிறிஸ்டின் கில்லரியும் 1997-இல் வெளியிட்ட, 11 ஐரோப்பிய நாடுகளைப் பற்றிய ஆய்வின்படி, தோற்ற தரப்பினர் வென்றவர்களைவிட மக்களாட்சியின் செயல்பாட்டில் குறைவான நிறைவே கொண்டிருந்தார்கள். ஆனால் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகளில் அந்த இடைவெளி சிறியதாக இருந்தது. வென்றவருக்கே எல்லாம் என்ற முறையில், தோற்றவருக்கு அடுத்த தேர்தல் வரை ஆட்சியில் தம் குரல் இல்லை என்ற உணர்வு வருவது இயல்பே.

கேள்வி: என் மகன் எதிர்த்தரப்புக்கு வாக்களித்தான், அவர்கள் வென்றார்கள். முடிவு வந்த நாள் முதல் எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. யார் முதலில் பேசுவது?

பதில்: நீங்கள்தான். இப்போது அவர் வந்து பேசினால், எதைச் சொன்னாலும் குத்திக்காட்டுவது போலவே உங்கள் காதில் விழும். அமெரிக்காவில் 1896 அதிபர் தேர்தலில் தோற்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், வென்ற மெக்கின்லிக்குத் தாமே வாழ்த்துத் தந்தி அனுப்பினார். தோற்றவர் முதலில் பேசுவது பின்னர் அங்கே வழக்கமாயிற்று. நீங்கள் வாழ்த்துச் சொல்லும் அளவுக்குக்கூடப் போக வேண்டாம். உங்கள் மகனிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேளுங்கள். தேர்தல் பேச்சை அவரே எடுத்தாலும் அன்றைக்கு வேண்டாம்.